ஓரத்தில் போட்ட கேள்வி

சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு காப்பி எடிட்டிங் பார்க்கிறேன். பெரும்பாலும் பாடநூல்கள்தான், எப்போதாவது ஒரு நாவல் வரும். அப்படி வந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

1940களின் அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் ஊர் அணிக்காக பேஸ்பால் ஆடும் அக்கா, அவளோடு ஆடிவிட்டு தோள்வலியால் விலகி, தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த தங்கை.

ஆண் வீரர்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சூயிங்கம் முதலாளி ஃபிலிப் ரிக்லி 1943-ல் தொடங்கிய பெண்கள் லீக் அது. 1954 வரை நடந்தது, 600 பேருக்கு மேல் ஆடினார்கள். ஃபோர்ட் வெய்ன் அணியில் வீவர் சகோதரிகள் மூன்று பேர் ஆடியிருக்கிறார்கள், அதனால் இந்த அக்கா தங்கை எனக்கு வெறும் கற்பனையாகப் படவில்லை. குட்டைப் பாவாடையோடுதான் ஆட வேண்டும். ஓடிப்போய்த் தொட வேண்டிய பேஸை நோக்கிச் சறுக்கி விழும்போது தொடையில் தோல் உரிந்துபோகும், அது ஆறுவதற்குள் மறுநாள் ஆட்டம். புண்ணில் ஒட்டிய துணியை வெந்நீர் தொட்டுத் தொட்டு தங்கை பிரித்தெடுக்கும் பக்கத்தில் நான் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

மற்றபடி வேலை வேலைதான். நாவலில் 1944-ல் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், தோளுக்கு மேல் கையைத் தூக்கி வீசுவதாக இருந்தது, அந்த லீக்கில் அப்படி வீசுவது 1948-ல்தான் முழுதாக வந்தது என்று குறிப்பு போட்டேன்.

அப்புறம் கதை திரும்புகிறது. 1947-ல் ட்ரூமன் போட்ட ஆணைப்படி மத்திய அரசு ஊழியர்களின் நாட்டு விசுவாசத்தை விசாரித்தார்கள். புகார் கொடுத்தது யார் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே மறைக்கலாம். 1950 பிப்ரவரியில் அதே விஸ்கான்சினின் செனட்டர் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் என்றார், சில நாளிலேயே 57 என்றார். ஒரு தேதியைச் சரிபார்க்க அரை நாள் செலவழிக்கிற எனக்கு வயிறு எரிந்தது. சின்சினாட்டி ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணி, கம்யூனிஸ்டுகளின் நிறமான சிவப்பு என்ற சொல்லுக்கே பயந்து, ரெட்லெக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்ட காலம் அது.

தங்கைக்கு நோட்டீஸ் வருகிறது, வேலை போகிறது. அவளைக் காட்டிக்கொடுத்தது யாரென்று கடைசிவரை நாவலில் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, “புகார் சொன்னது யார்? வாசகருக்குத் தெரிய வேண்டாமா?” என்று ஓரத்தில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “அவளுக்கே தெரியாதே.”

சரி என்று என் கேள்வியை அழித்தேன்.