இரண்டு நொடியில் வரும் ‘சக்சஸ்’ எதுவரை செல்லும்?

எத்தீரியம் பிளாக்செயினின் மேல் ஓடும் தனிச் செயின்களை லேயர்-2 என்பார்கள். அவற்றைக் கட்ட உதவும் மென்பொருள் தொகுப்பு ஓபி ஸ்டாக். அதில் கட்டிய செயின்களில் ஒரு பரிவர்த்தனை 2 நொடிக்குள் பிளாக்கில் ஏறிவிடும். வாலட்டும் ‘சக்சஸ்’ என்று காட்டிவிடும். ஆனால் அந்த நேரத்தில் எத்தீரியத்தில் அதைப் பற்றி ஒரு பைட்கூட எழுதப்பட்டிருக்காது. கையில் இருப்பது, பரிவர்த்தனைகளை வாங்கி பிளாக்குகளாக்கும் சீக்வென்சர் கொடுத்த வாக்கு மட்டுமே.

வரிசையை முடிவு செய்வது அந்த சீக்வென்சர்தான். எத்தீரியத்தில் செய்த டெபாசிட்கள் பிளாக்கின் தலையில் உட்காரும். மற்றவை, இயல்பான அமைப்பில், பிரையாரிட்டி ஃபீ (முந்திச் செல்லக் கொடுக்கும் கட்டணம்) கூடுதலாக உள்ளது முன்னால் என்று அடுக்கப்படும். இன்னொரு லேயர்-2 ஆன ஆர்பிட்ரமில் கதை வேறு. அங்கே முதலில் வந்தது முதலில். 2025 ஏப்ரலில், முன்னுரிமையை ஏலம் விடும் டைம்பூஸ்ட் வந்தபின், ஏலத்தில் வென்றவர் தவிர மற்றவர்களுக்கு 200 மில்லிசெகண்ட் தாமதம்.

பேட்ச்சர் தனி புரோகிராம். பிளாக்குகளைச் சேர்த்துச் சுருக்கி ஒரு சேனலாக்கி, ஃபிரேம்களாக நறுக்கி, ப்ளாப்களில் (எத்தீரியம் தற்காலிகமாக வைத்திருக்கும் தரவுப் பொதிகள்) ஏற்றி எத்தீரியத்துக்கு அனுப்பும். ஒரு ப்ளாப் 1,31,072 பைட். ஓபி ஸ்டாக்கின் என்கோடிங்கில் அதில் 1,30,044 பைட் உபயோகமாகும். பாதிதான் நிரம்பினாலும் முழு ப்ளாப்புக்கும் காசு கட்ட வேண்டும். அதனால் போக்குவரத்து குறைந்த செயின்கள் சேனலை நீண்ட நேரம் திறந்தே வைக்கின்றன. அதிகபட்ச சேனல் காலத்தை 1,500 என்று வைத்தால் 1,500 எத்தீரியம் பிளாக், அதாவது சுமார் 5 மணி நேரம்.

இந்த எண்ணை மனம்போல ஏற்றக்கூடாது. பேட்ச், அதாவது சுருக்கிய பிளாக் தொகுப்பு, எத்தீரியத்துக்குப் போய்ச் சேர உள்ள கெடுதான் சீக்வென்சிங் விண்டோ. அது வழக்கமாக 3,600 பிளாக், சுமார் 12 மணி நேரம். அதற்குள் பேட்ச் போய்ச் சேராவிட்டால், நோடுகள் (செயினைச் சரிபார்க்கும் கணினிகள்) டெபாசிட் மட்டும் உள்ள பிளாக்குகளைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். சீக்வென்சர் போட்ட பிளாக்குகள் ரீஆர்க் ஆகிவிடும், அதாவது செயினிலிருந்து கழன்றுவிடும். ‘சக்சஸ்’ பார்த்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

அந்த நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் சில்லறை விஷயம்தான்: பேட்ச்சர் வாலட்டில் ஈத்தர் தீர்ந்துபோவது. இன்னொன்று, ப்ளாப் கட்டணம் திடீரென ஏறி பேட்ச் பரிவர்த்தனை மெம்பூலில் (பரிவர்த்தனைகளின் காத்திருப்பு இடம்) சிக்குவது. எத்தீரியம் நோடு மென்பொருளான கெத்தில் ப்ளாப் பரிவர்த்தனையை மாற்றி அனுப்ப எல்லாக் கட்டணங்களையும் இரட்டிப்பாக்க வேண்டும். அது கிடக்கும்வரை அதே முகவரியிலிருந்து சாதாரண பரிவர்த்தனையையும் கெத் ஏற்காது. ஆகவே அவசரத்துக்கு, சாதாரண பரிவர்த்தனைக்குள்ளேயே தரவை ஏற்றும் கால்டேட்டாவுக்குத் தாவவும் முடியாது. சிக்கியதை முதலில் ரத்து செய்ய வேண்டும்.

நோடின் சிங்க் ஸ்டேட்டஸில் அன்சேஃப், சேஃப், ஃபைனலைஸ்டு என்று மூன்று உயரங்கள் (பிளாக் எண்கள்) தெரியும். அன்சேஃப் என்பது சீக்வென்சர் வாக்கு மட்டும் உள்ளது. சேஃப், பேட்ச் எத்தீரியத்தில் ஏறியது. ஃபைனலைஸ்டு, அது ஏறிய எத்தீரியம் பிளாக்கும் இனி மாறாது என்று உறுதியானது. பேட்ச்சர் நின்றாலும் அன்சேஃப் ஏறிக்கொண்டே இருக்கும். சேஃப் மட்டும் நின்றுவிடும். செயின் ஓடுகிறது என்று நம்பிவிட இதுவே காரணம். அலாரத்தை இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு வையுங்கள், பேட்ச்சர் வாலட் இருப்புக்கு இன்னொன்று. செயின்களுக்கிடையே பணம் மாற்றும் பிரிட்ஜோ எக்ஸ்சேஞ்சோ நடத்துபவர்கள் பெரிய தொகையை ஃபைனலைஸ்டு ஆனபின் வரவு வைப்பதே சரி.