ஒரே எடை மெஷின், இரண்டு உடம்பு

ஜனவரி 8

எடை குறைக்க இன்றைக்கு நானும் என் கணவரும் சேர்ந்தே ஆரம்பித்திருக்கிறோம். சர்க்கரை கிடையாது, இரவுச் சாப்பாடு ஏழரைக்குள், தினமும் ஒரு மணி நேர நடை. காலையில் மெஷினில் ஏறிப் பார்த்ததில் அவர் 88 கிலோ, நான் 72. அவருக்கு 52 வயது, எனக்கு 49. மாதவிடாய் இப்போது தோன்றியபோது வருகிறது, இல்லாவிட்டால் இரண்டு மாதம் ஆளையே காணோம். எடைக் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுவதால் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 16

அவருக்கு மூன்று கிலோ இறங்கிவிட்டது. எனக்கு நானூறு கிராம்.

"நடுவுல ஏதாவது கொறிச்சிருப்பம்மா, யோசிச்சுப் பாரு" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்புகிறார். அதுதான் எனக்கு வலித்தது. நடுவயதுப் பெண்ணுக்கு எடை குறையவில்லையென்றால் அவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. நான் எதையும் கொறிக்கவில்லை.

அவருடைய மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். தசையும் கல்லீரலும் சர்க்கரையை கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இதுதான். தசை அதிகமுள்ள உடம்பில் இந்தச் சேமிப்பும் அதிகம், அதனால் முதல் வாரத்தில் மெஷின் ஆண்களுக்கு வாரி வழங்குகிறது. எனக்கோ ஹார்மோன் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, குறைந்த கொழுப்பைக்கூடக் காட்டாமல் மறைத்துவிடும்.

ஜனவரி 21

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சும்மா படுத்திருந்தாலும் உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி எரிக்கும் என்று மதிப்பிட, 1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இருக்கிறது. எடையைப் பத்தால் பெருக்கி, சென்டிமீட்டர் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் ஆணுக்கு 5 கூட்டணும், பெண்ணுக்கு 161 கழிக்கணும். அதாவது எடை, உயரம், வயது மூன்றும் ஒன்றாக இருந்தாலும் 166 கலோரி வித்தியாசம்.

எங்கள் விஷயத்தில் மூன்றுமே ஒன்றில்லை. அவர் 172 செ.மீ., நான் 158. அவருக்கு 1,700 வருகிறது, எனக்கு 1,300. நானூறு கலோரி! நான் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் அவ்வளவு எரியாது. ஒரே அளவு சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டால் அவருக்கு அது பத்தியம், எனக்கு அது வழக்கமான சாப்பாடு. இந்தத் தாளை அவரிடம் காட்டினேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "சாரிம்மா" என்றார்.

ஜனவரி 30

"நாப்பது தாண்டினா மெட்டபாலிசம் படுத்துரும்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், எரிக்கும் வேகம் 20 வயதிலிருந்து 60 வரை ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆண் பெண் வித்தியாசமும் இல்லை.

அப்படியானால் மாறுவது எது? தசை. மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்தக் கட்டம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு சுமார் இரண்டு வருடம் வரை இப்படியே போய், பிறகு நிலைக்கு வருகிறது. ஒன்று ஏற ஒன்று இறங்குவதால் மெஷினில் பெரிய மாற்றம் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய, பிட்டத்திலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. எடை அதேதான், ஆனால் பழைய உடுப்பு இடுப்பில் ஏறாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் நாற்பதிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 5

ராத்திரி முழுக்க வியர்வை, தூக்கமே இல்லை. காலையிலிருந்து அகோரப் பசி. தூக்கம் கெட்டால் பசி ஏறும். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

பிப்ரவரி 11

டாக்டர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். பெண்களுக்குத் தைராய்டு கோளாறு அதிகம் என்பதால், எடை அசையாவிட்டால் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு நார்மல்.

பிறகு டேப் எடுத்து அளந்தார். நான் தொப்புளைச் சுற்றிச் சுற்றப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசி விலா எலும்பை விரலால் தேடி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தேடி, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தார். "வயித்த எக்காதீங்க, மூச்ச மெதுவா விடுங்க" என்றார். 91 செ.மீ. வந்தது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு அது 79. "எடையை மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க போதும். இதைப் பாருங்க" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

பிப்ரவரி 20

ப்ரிவ்யூ என்ற ஆய்வைப் பற்றி விரிவாகப் படித்தேன். 2018-இல் வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எட்டு வாரம் தினமும் சுமார் 800 கலோரி மட்டும். ஆண்களுக்கு 11.8 சதவீத எடை குறைந்தது, பெண்களுக்கு 10.3. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு அடுத்த வரிதான். எடைக் குறைவின் வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகும் பெண்களைவிட ஆண்கள் அதிகம் இழந்தது கொழுப்பை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இழந்தது கொழுப்பில்லாத எடையை.

இந்த வயதில் எதை இழக்கவே கூடாதோ, பட்டினி அதையும் சேர்த்துப் பிடுங்குகிறது. அதனால் இன்னும் குறைத்துச் சாப்பிடும் எண்ணத்தை அடியோடு விட்டுவிட்டேன். பட்டினி பற்றிய மிகப் பிரபலமான மினசோட்டா பரிசோதனையில் (1944–45) இருந்த 36 பேரும் ஆண்கள்தான். ஆண் உடம்பை அளந்து எழுதிய விதிகளை நம்மீது அப்படியே சுமத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

மார்ச் 3

நடையோடு பளு தூக்குவதையும் சேர்த்திருக்கிறேன். தசைப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, டம்பெல்லைத் தோளுக்கு மேல் உயர்த்துவது. முதலில் தொடை நடுங்கியது. ஒவ்வொரு வேளையும் புரதம் கட்டாயம்.

அவருக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆண்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். அது சீக்கிரம் கரையக்கூடியதும்கூட. அவருடைய ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதில் எனக்கு உண்மையான நிம்மதி.

மார்ச் 19

அலுவலகத் தோழி போன் செய்தாள். "அக்கா, ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன். வீட்டுக்காரருக்கு ஆறு கிலோ குறைஞ்சிருச்சு, எனக்கு ஒண்ணுமே ஆகல." வயது 47. ஒரு மணி நேரம் பேசினோம். சாப்பிடச் சொன்னேன், தைராய்டு பார்க்கச் சொன்னேன், டேப் வைக்க வேண்டிய இடத்தைச் சொன்னேன். அழுதாள்.

ஏப்ரல் 2

இடுப்பு 88. எடை 70.6. அவருக்கு 81-இல் நின்று அசையவில்லை. எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறையும், அவருடைய கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். நாளையிலிருந்து அவரும் டம்பெல் தூக்குகிறார்.

அடுத்த வாரம் எனக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு வேகமாகத் தேயும், எடை குறையும்போதும் தேயும். இரண்டும் சேர்ந்து வரும்போது எங்கே நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் பளுவைக் கூட்டப்போகிறேன்.