காங்கேயம் காளையும் ஒரு கருப்புக் கோடும்

தை மாசம் ஆரம்பித்த வேலை. கையாலேயே செய்து வண்ணம் பூசும் குட்டிப் பொம்மைகளில், ஆவணி பிறந்த பிறகுதான் முதல் உருவம் முழுசாக மேசைக்கு வந்திருக்கிறது. 28 மி.மீ. அளவு வீரன், ஏறி உட்கார ஒரு காங்கேயம் காளை. எதிரியாக நிற்க வேண்டிய மண்டையோட்டு மந்திரவாதி இன்னும் கம்பிக் கூடாகத்தான் இருக்கிறான்.

பெருந்துறைப் பக்கம் அப்புச்சி வீட்டில் ஒரு கருப்பு வெள்ளை டயனோரா டிவி இருந்தது. தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் போடும்போது தெருப் பசங்க எல்லோரும் அந்தத் திண்ணையில்தான். வசனம் ஒன்றும் புரியாது. வாளைத் தூக்கியதும் பயந்தாங்கொள்ளிப் புலி போர்ப்புலியாக மாறும், அது போதும் எங்களுக்கு. அந்தப் புலி பச்சை நிறம் என்பதே ரொம்ப வருசம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1982-ல் மேட்டல் கம்பெனி ஹீ-மேன் பொம்மை வரிசையைக் கொண்டுவந்தபோது, தங்களுடைய பழைய வரிசை ஒன்றுக்குச் செய்த புலி அச்சையே எடுத்துப் பச்சை அடித்துச் சேணம் பூட்டிவிட்டார்கள். கார்ட்டூன் வந்தது 1983-ல், அதற்குப் பிறகுதான். கையில் இருந்த மிருகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம்ம கையில் இருப்பது காங்கேயம் காளை. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

உள்ளே எலும்புக்கூடாக நிற்கிற கம்பிக்கு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பி. கோயமுத்தூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. வார்னிஷ் பூசிய கம்பி என்பதால் ஒற்றையாக வைத்தால், இரண்டு உருண்டையைக் கலந்து பிசைகிற எம்-சீல் பசைக்களிம்பு பிடிக்காமல் வழுக்கும். இரண்டு இழையை முறுக்கினால் புரியில் நன்றாகக் கவ்விக்கொள்ளும். இரண்டு உருண்டையையும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். விரலில் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. முதல் நாள் மெல்லிசாக எலும்புக்கு மட்டும் பூசி ராத்திரி காயவிட்டேன். சதை அடுத்த நாள், திமிலும், கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும் மூன்றாம் நாள். ஒரே மூச்சில் வைத்தால், மேலே அழுத்தும்போது கீழே வைத்தது குழைந்துபோகும்.

நிஜ அளவுக் கணக்குப்படி திமில் 25 மி.மீ. உயரம் வந்தால் போதும். நான் 34 வைத்தேன். கார்ட்டூன் மிருகம் என்றால் ஏறுகிறவனைவிட அது பெரிசாகத் தெரியணும். கொம்புக்குத்தான் நாலு தடவை பிய்த்து வைக்கவேண்டி வந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய், காளைகளுக்கு முன்னால் நின்று கம்பியைக் கையிலேயே வளைத்துப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. கொம்பு முதலில் வெளியே விரிகிறது, அப்புறம்தான் பின்னால் வளைகிறது. நான் எடுத்ததுமே பின்னால் வளைத்துக்கொண்டிருந்தேன்.

கழுத்துச் சலங்கைக்குக் கடுகு ஒட்டிப் பார்த்தேன், பூசணிக்காய் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. ராகி சரியாக உட்கார்ந்தது. பதினோரு ராகி, ஊசிமுனையில் பெவிகால் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். வீரனின் மேலங்கிக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை வெட்டி வைத்தது தேறவில்லை. இந்த அளவில் துணியின் பின்னல், மீன் வலை மாதிரி தெரிகிறது. டிஷ்யூ பேப்பரைப் பெவிகால் தண்ணீரில் நனைத்துப் போட்டதும் மடிப்பு அழகாக விழுந்தது.

அடுத்தது வண்ணத்துக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு, பிரைமர். ஆடிக்காற்று அடிக்கிற மத்தியானத்தில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வைத்து ஸ்பிரே அடித்தது என் தப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. பெயிண்ட் உருவத்துக்கு வந்து சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் மணலாகப் படிந்துவிட்டது. தின்னர் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்து எடுத்தேன். மேலங்கி போனது போனதுதான், புதுசு செய்தேன். மறுபடியும் அடித்தது விடியற்காலை, காற்று எழும்புவதற்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில். கருப்பு பிரைமர்.

வண்ணம்தான் பல வாரங்களைத் தின்றது. முதல் தடவை வெள்ளையிலிருந்து கரும்சாம்பல் வரை ஏழு படியாக நைசாகக் கலந்து அடித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அருமை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் புழுதியில் புரண்ட மாடு. எங்கே கோளாறு என்று ஒரு வாரம் தெரியவே இல்லை.

அந்த வாரத்தில்தான் எங்க ஊர் முனியப்பன் சிலைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். 20 அடி உயரம், உருட்டு முழி, முறுக்கு மீசை. சாரத்தில் ஏறி நின்ற பெயிண்டர் அண்ணன் கன்னத்துக்கு ஒரே நிறம், அதன் ஓரத்தில் அழுத்தமாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே கலவையே கிடையாது. கடைசியில் சுற்றிக் கருப்புக் கோடு.

“ஏனுங்ணா, ரெண்டு நிறத்தையும் கொஞ்சம் கலந்து விடமாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இங்கிருந்து பாக்கறதுக்கா தம்பி அடிக்கறோம்? ரோட்டுல பஸ்ஸுல போறவனுக்கு முழி தெரியணுமுங்க. கலந்தா கரைஞ்சு போயிருமுங்க” என்றார்.

மெயின்ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். கோயிலுக்கும் ரோட்டுக்கும் சுமாராக 400 அடி. கையை நீட்டி அளந்தால் முனியப்பன் என் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 400 அடி தள்ளி நிற்கிற 20 அடி உருவமும், 60 செ.மீ. தள்ளி மேசையில் நிற்கிற 30 மி.மீ. உருவமும் கண்ணுக்கு ஒரே அளவு. நான் செய்துகொண்டிருந்தது ஒரு முனியப்பன் சிலையைத்தான்! அதைக் கண்ணருகே வைத்து வர்ணம் பூசியதுதான் தப்பாகப் போயிருக்கிறது.

பழைய கார்ட்டூனும் அதே சங்கதிதானே. படம் வரைகிற கண்ணாடித்தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் தட்டையாக நிறம். கருப்பு வெள்ளை டிவியில் நிறமே இல்லாமல் எங்களை உட்காரவைத்தது அந்தக் கோடுதான்.

எல்லாவற்றையும் மறைத்துக் கருப்பு பூசிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். சிலையில் கோட்டைக் கடைசியில் போடலாம். இந்த அளவில் மயிரிழை மாதிரியான கோட்டை நடுங்காமல் இழுக்க என் கைக்கு வரவில்லை. அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். எங்கும் கருப்பு, அதன்மேல் நிறம், கோடு வேண்டிய இடத்தில் கருப்பை மிச்சம் விடுவது. காளைக்கு மூன்றே நிறம். உடம்புக்கு வெளிர்சாம்பல், திமிலுக்கும் கழுத்துக்கும் பின்தொடைக்கும் கரும்சாம்பல், வெயில் படுகிற விளிம்புக்கு வெள்ளை. எங்கும் கலவை கிடையாது. கண்ணுக்கு முதலில் கருங்குழி, உள்ளே டபுள் ஜீரோ என்கிற மெல்லிசான பிரஷ்ஷால் படுக்கையாக ஒரு வெள்ளைக் கோடு, அதன்மேல் குண்டூசி முனையால் ஒரு கருப்புப் புள்ளி. வெள்ளையைச் சுற்றி மயிரிழை கருப்பு தங்கிவிட்டால் காளை முறைக்க ஆரம்பித்துவிடும். வலது கண் மூன்றாம் தடவையில் அமைந்தது.

நம்ம ஊர் வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துபோகிறது. டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். அடிப்பாகத்துக்கு லேத் பட்டறையில் வாங்கிய இரும்பு வாஷர், கனத்தால் உருவம் சாயாது. புல்தரைக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவை டீ வடிகட்டியில் சலித்துப் பெவிகாலில் தூவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காளையை பெயிண்டர் அண்ணனிடம் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்து, கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“முழி நல்லா வந்திருக்குதுங்க தம்பி. கொம்பு அடியில ஒரு கோடு கொறையுது. தலையோட ஒட்டிக் கெடக்குதுங்க.”

ராத்திரி வந்து கொம்பு முளைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கருப்பு வைத்தேன். கொம்பு தனியாக எழுந்து நின்றது.