ஏழு கிலோவும் கொசுறும்

தில்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஜனவரியில் நான்கு நாள் போய்வர டிக்கெட் தேடியபோது, "கைப்பை மட்டும்" என்று ஒரு மலிவு டிக்கெட் கண்ணில் பட்டது. வழக்கமான டிக்கெட் என்றால் 15 கிலோ வரை பெட்டியைக் கவுன்டரில் ஒப்படைத்துவிடலாம். இதில் கூடவே எடுத்துப்போகும் 7 கிலோவோடு சரி. நாலு நாளுக்கு எதற்குப் பதினைந்து கிலோ என்று போட்டுவிட்டேன். அம்மா என்று ஒருவர் வீட்டில் இருப்பதை மறந்துபோனேன்.

"ஏழு கிலோவா? அதுல இன்னாடா எடுத்துனு போவ?" என்றார் அம்மா.

நியாயமான கேள்விதான். ஏனென்றால் வெறும் பெட்டியே 2.8 கிலோ. 55, 35, 25 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவன், அதன் எடையைப் பார்க்கவில்லை. லேப்டாப் ஒன்றரைக் கிலோ. பவர் பேங்க் ஒன்று, செங்கல் மாதிரி. அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம்தான். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வைத்தாலும் எடை என் கணக்கில்! ஆக, ஒரு பனியன்கூட வைப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது.

அம்மா இறால் தொக்கு பாட்டிலோடு வந்தார். எண்ணெய் மிதக்கிற ஊறுகாய், தொக்கெல்லாம் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள் என்றேன். "சபரிமலைக்குப் போறவங்க தேங்காவே எடுத்துனு போலாம்னு டிவில சொன்னான்?" என்றார். 2024 அக்டோபரில் இருமுடித் தேங்காய்க்குக் கொடுத்த தற்காலிக அனுமதி அது. மாலை போடாத தொக்குக்குப் பொருந்தாது என்று விளக்கி, பாட்டிலை ஃபிரிட்ஜுக்கே திருப்பி அனுப்புவதற்குள் அரைமணி நேரம் ஆனது. கருவாட்டை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு வஞ்சிரம், தங்கைக்கு நெத்திலி, மூன்று சுற்றுப் பிளாஸ்டிக் கவரில்.

அடுத்தது எடை. வீட்டில் இருப்பது நாம் ஏறி நிற்கிற மெஷின். பெட்டியோடு நின்று, இல்லாமல் நின்று, கழித்துப் பார்த்தேன். ஆறு வந்தது, அடுத்த முறை எட்டு வந்தது. மூன்றாம் முறை என் எடையே இரண்டு கிலோ கூடியிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

தெருமுனைக் காயலான் கடைக்குத் தூக்கிப்போனேன். அங்கே கொக்கித் தராசு. மாட்டித் தூக்கினார், ஆறரை. மனசு லேசானது. திரும்பும் வழியில் கருவாடு விற்கும் அக்கா கூப்பிட்டு, தன் எலெக்ட்ரானிக் தராசிலும் வைக்கச் சொன்னார். 7.400 என்றது.

"நானூறு கிராம் இன்னா கண்ணு, அது கொசுறு. உட்ருவாங்க" என்றார் அக்கா.

விற்கிறவர் தராசு கொஞ்சம் கூடத்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆறரையையே நம்பினேன்.

2021இல் சென்னை மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததில் எங்களுக்கு ஒரு சௌகரியம். தண்டையார்பேட்டையில் ஏறினால் எங்கும் மாறாமல் ஏர்போர்ட். ஏறி உட்கார்ந்து தூங்கியே போய்விட்டேன்.

கவுன்டரில் பெட்டியை வைத்தேன். 8.3.

"ஒரு கிலோ சொச்சம்தானே மேடம், பார்த்துப் போடுங்க" என்றேன். காசிமேட்டில் இது செல்லுபடியாகும் வாக்கியம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கூடுதல் கிலோவுக்கு ஒரு தொகை சொன்னார். பெட்டிக்குள் இருந்த கருவாடு அத்தனைக்கும் சேர்த்து அம்மா அவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்.

ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தால், நான் பார்த்தேயிராத மூன்றாவது பொட்டலம் ஒன்று. தூக்கிப் பார்த்தேன், முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அது நான் வாங்குனது இல்லடா. ஊருக்குப் போற புள்ளன்னு அந்த அக்கா கொசுறா குடுத்துச்சி."

பின்னால் நின்றிருந்தவர் மூக்கை உறிஞ்சியபடி என்னைப் பார்த்தார். மூன்று சுற்று போதவில்லை போல. கவுன்டர் பெண்ணுக்கும் வாசம் எட்டியிருக்க வேண்டும். "லேப்டாப்பை மட்டும் வெளிய எடுத்துக் கைல வச்சுக்கங்க சார், அது கணக்குல வராது" என்றார் அவசரமாக.

எடுத்தேன். 6.8. அதே லேப்டாப், அதே கருவாடு, அதே நான், அதே விமானம். வருகைப் பதிவேட்டை இடுக்கிய வாத்தியார் மாதிரி லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். செக்யூரிட்டி தாண்டியதும் அதைப் பெட்டிக்குள்ளேயே திணித்துவிட்டேன். இன்னும் 200 கிராம் இடம் மிச்சம் இருந்தது என்பதை இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

விமானம் ஏறிய பிறகுதான் ஒரு கணக்கு உறைத்தது. 8.3இல் அந்தப் பொட்டலத்தைக் கழித்தால் ஏறக்குறைய அக்கா தராசு சொன்ன அதே 7.4. அப்படியென்றால் காயலான் கடைத் தராசு? எத்தனை வருடமாக எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் அந்தக் கொக்கியில் தொங்கியிருக்கிறது!

ஊர் திரும்பிய வாரம் பேப்பர் கட்டோடு அங்கே போனேன். மாட்டித் தூக்கினார்.

"ஆறரை சார்."

"ஏழு நானூறுண்ணே" என்றேன்.