பிளாஸ்க்கில் பழைய தேத்தண்ணி வாடை: எது போனது, எது இன்னும் போகவில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே பிளாஸ்க்கை நிரப்பிவிடுவார்கள். கட்டிப்பால் போட்ட இஞ்சித் தேத்தண்ணி அதில் மதியம் வரை கிடக்கும். அப்படிப் புழங்கிய 750 மில்லி எவர்சில்வர் பிளாஸ்க்தான் இது. வெறும் வெந்நீர் ஊற்றினாலும் புளிச்ச பால் வாடை வருகிறது.

கழுவுவதற்கு முன்னால், வாடை எதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குடுவையில் கொதிநீர் ஊற்றி, மூடாமல் பத்து நிமிடம் விட்டு மோந்து பார்த்தால் லேசான வாடைதான். மூடியையும் அதன் சிலிகோன் வளையத்தையும் தனித்தனிக் கிண்ணங்களில் வெந்நீரில் போட்டபோது மூக்கைத் துளைத்தது. பெரும்பாலான பிளாஸ்க்கில் கதை இதுதான். எவர்சில்வர் வாடையை இழுக்காது. அதன்மேல் படிந்த கறைதான் பிடித்து வைக்கிறது.

அப்பச்சோடா: ஒரு மேசைக்கரண்டி, நிறைய வெந்நீர், இரவு முழுக்க. பால் கொழுப்பின் புளிப்பு வாடை குறைந்தது. பழுப்புக் கறை அசையவில்லை. அது தேயிலைத் துவர்ப்புச் சத்தின் படிவு, சோடாவுக்கு மசியாது. சோடாவோடு வினிகரைச் சேர்த்துப் பொங்க விடுவது வெறும் வேடிக்கை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். அந்த நேரத்தில் மூடியைத் திருகினால் வாயு அடைந்து மூடி தெறிக்கும்.

கறைக்குச் சரியான மருந்து ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். துணிக்குப் போடும் மணத்தூள் அதன் மணத்தையே விட்டுப்போகும். ஒரு தேக்கரண்டி தூளைக் குடுவையில் போட்டு, கொதித்து ஐந்து நிமிடம் ஆறிய நீரை வாய்க்குக் கீழே இரண்டு விரல் விட்டு மெதுவாக ஊற்றணும். தூள் நீரில் பிரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், நுரை ஏறும். அதனால் சிங்க்குக்குள் வைத்துச் செய்வது நல்லது. மூடவே கூடாது. கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் கறை தோல் உரிவது மாதிரி செதில் செதிலாக மேலே மிதந்தது. ஒரு மணி நேரம் விட்டுக் கொட்டி, மூன்று நான்கு முறை அலசியபோது அடி வரை வெள்ளி மாதிரி தெரிந்தது.

அலசிய பிறகும் சோப்பு மாதிரி வழவழப்பு, சுவை இருந்தால் காரம் மிச்சம். இரண்டு மேசைக்கரண்டி வினிகரை வெந்நீரில் கலந்து பதினைந்து நிமிடம் ஊற வைத்தால் போகும், கெட்டிலில் வருவது போன்ற வெள்ளைப் படிவும் சேர்ந்து போகும். குளோரின் பிளீச் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழச் செய்யும். கம்பிப் பஞ்சும் வேண்டாம். உள்ளே கண்ணாடி உள்ள பழைய பூப்போட்ட பிளாஸ்க்கில் முதலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிச் சூடேற்றிய பிறகே வெந்நீர், இல்லாவிட்டால் விரிசல்தான்.

மூடியில் இன்னொரு சிக்கல். காதருகே வைத்துக் குலுக்கினால் 'களக்' என்று சத்தம் வந்தது: உள்கூட்டில் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை எதுவும் சுத்தம் செய்ய முடியாது, புது மூடிதான்.

வளையத்தைப் பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்தாயிற்று. கறுப்புப் புள்ளி போனது, பால் வாடை போனது. இஞ்சி வாடை மட்டும் இன்னும் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள வாசனையைச் சிலிகோன் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் மாற்றுவதே மேல். வாங்கப் போகும்போது பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம் ஒத்துப்போனாலும் தடிமன் குறைந்தால் ஒழுகும். குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் வளையம் வேண்டாம், அது சூட்டில் தன் வாடையையே விடும்.