பியட்டும் ஓம்னியும்

ஜூன் 11

ஓம்னி வந்து சேர்ந்தது. பேட்டை காயலான் கடைக்காரர் 35,000 சொன்னார், 29,000-க்கு முடிந்தது. ஏற்ற இறக்க ஆளுக்கும் குட்டியானைக்கும் 1,800. கதவு ரெண்டு இல்லை, தரையெல்லாம் ஓட்டை. எனக்கு அது எதுவும் வேண்டாம். அப்பாவின் பழைய பியட்டுக்குள் மாட்ட எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், இந்த மூன்றும் போதும். கடையிலேயே பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி டியூபைச் சொருகி அடித்துப் பார்த்தோம். நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், புகை இல்லை.

கார்புரேட்டர் வண்டியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சுகிற எம்பிஎஃப்ஐ என்றால் ஈசிஎம் என்கிற அந்தக் கம்ப்யூட்டர், சென்சார், டேங்குக்குள் பம்ப் என்று ஒயரிங் முழுவதையும் கூடவே கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு பேட்டரி, ஒரு காயில், பெட்ரோல் டியூப், வேறொன்றும் வேண்டாம்.

சத்தத்தை போனில் அப்பாவுக்குக் கேட்க வைத்தேன். "மூணும் அடிக்குதுல" என்றார். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 12

அப்பாவுக்குக் காலைச் சர்க்கரை 212.

ஜூன் 14

அக்கா போனில் ஒரே சண்டை. "ஓம்னிதான் ஓடுதுல்லா, அதையே ஒட்டுப்போட்டு வச்சுக்கிட வேண்டியதுதான. எதுக்கு ரெண்டையும் வெட்டிக்கிட்டுக் கெடக்க?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஓம்னியில் முன்சீட்டுக்குக் கீழேதான் எஞ்சின். காலை மேலே தூக்கி வைத்து ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் காலை நீட்ட இடமில்லை, முன்னால் தகடு இடிக்கும். பியட்டில் அப்படி இல்லை. முன்சீட் ஒரே பெஞ்சு. கதவைத் திறந்து பின்பக்கமாக உட்கார்ந்து, ரெண்டு காலையும் சேர்த்து மெதுவாக உள்ளே திருப்பிக்கொள்ளலாம். டேப் வைத்து அளந்தேன். வீட்டுத் திண்ணையைவிட ஒரு விரக்கடைதான் கம்மி. திண்ணையில் அப்பாவால் யார் கையும் பிடிக்காமல் உட்கார முடிகிறது.

அது மட்டும் இல்லை. அந்தப் பியட், 1986 பத்மினி. ஜங்ஷன் டாக்சி ஸ்டாண்டில் பதினெட்டு வருஷம் அவர் ஓட்டிய வண்டி. எங்கள் மூன்று பேர் படிப்பும் அதில் வந்தது. எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்தபிறகு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியது. கம்பெனியே இல்லை, பிளாக்குக்கு எங்கே போக?

ரோட்டிலிருந்து பம்புசெட் வரை முக்கால் கிலோமீட்டர், எல்லாம் எங்கள் வரப்புக்குள். ஆட்டோக்காரர் யாரும் அந்தத் தடத்தில் இறங்க மாட்டார்கள். டிராக்டரில் அவரால் ஏற முடியாது. சித்திரைக்குப் பிறகு அவர் வயலைப் பார்க்கவில்லை.

ஜூன் 15

காற்று. கணவாய் வழியாக இறங்கி வருகிற இந்த ஆனிக் காற்றில் தகரம் பறக்கிறது, தென்னை ஓலை வந்து முதுகில் விழுகிறது. சிஓடூ வெல்டிங் வைக்கவே முடியவில்லை. துப்பாக்கியிலிருந்து வருகிற கேஸ், உருகின இரும்புமேல் நின்றால்தானே ஒட்டும்? அதைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. ஒரு சாண் நீளம் வைத்ததைத் தட்டிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி உள்ளே அவ்வளவும் ஓட்டை. ராடு வெல்டிங்குக்கு மாறினால் தகடு மெலிசு, பொத்துக்கொண்டு போகிறது. கடைசியில் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, நாலாவது பக்கம் கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி, அதன்மேல் சாக்கு போட்டு வேலையை முடித்தோம்.

இடது கதவுக்குக் கீழே ஒரு ஒட்டு போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். வெல்டர் தம்பி ஸ்குரூடிரைவரால் குத்தினான், அது உள்ளே போய்விட்டது. "துரு மேல வச்சு அடிச்சா நிக்காதுண்ணே. நல்ல தகடு தெரியிற வரைக்கும் வெட்டித்தான் ஆகணும்." வெட்ட வெட்ட ஒரு முழம் போய்விட்டது.

ஜூன் 18

அப்பாவின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங். "ரத்தம் கசியிற எடம் வரைக்கும் எடுத்தாத்தான் சார் ஆறும்" என்றார் டாக்டர். எடுத்தார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் வலி அதிகம் இல்லையாம். வலிக்கவில்லை என்பது நல்ல செய்தியா?

காலை ஊன்றவே கூடாது, ஊன்ற ஊன்றப் புண் ஆறாது என்று மறுபடியும் சொன்னார். ஜூலை 5 வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் முடிவு.

வரும்போது ஆட்டோவில் "கார் என்னல நெலமையில இருக்கு?" என்று கேட்டார். ஆக்சில் மாட்டிப் பார்த்தோம், பட்டை கொஞ்சம் தள்ளி வருகிறது என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டது கார் பருவத்து நெல் நடவை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, நாற்று பாவியாச்சா, யாருக்கு விட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதில் சொல்லாமல் வந்தேன்.

ஜூன் 20

தூக்கம் வரவில்லை. கோணம்.

ஓம்னி ஆக்சிலைப் பியட்டின் ஸ்பிரிங் பட்டைமேல் உட்காரவைக்க வேண்டும். ரெண்டு வண்டிக்கும் பட்டை அகலம் வேறு, அதனால் ஆக்சிலில் இருக்கிற தாங்கியை வெட்டி எடுத்து வேறு இடத்தில் வெல்டு வைக்க வேண்டும். அந்த வெல்டு எப்படி நிற்கிறதோ அதுதான் கிரௌன் மூக்கு, அதாவது ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியின் முனை, எவ்வளவு மேலே பார்க்கும் என்பதைத் தீர்மானிக்கும். கியர்பாக்ஸ் வால் எத்தனை பாகை கீழே சாய்ந்திருக்கிறதோ, கிரௌன் மூக்கு அத்தனை பாகை மேலே பார்க்க வேண்டும். ரெண்டும் இணையாக நின்றால்தான் கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இணைக்கிற ஷாஃப்டின் ரெண்டு முனையிலும் ஜாயிண்ட் கிராஸ் ஒரே அளவு வளையும். முன்கிராஸ் ஒரு சுற்றில் வேகம் கூட்டிக் குறைப்பதைப் பின்கிராஸ் சரிக்கட்டிவிடும். கோணம் வேறுவேறாக இருந்தால் சரிக்கட்டாது. உதறும். கிராஸ் சீக்கிரம் போகும்.

ஆனால் இதை வண்டி கட்டைமேல் நிற்கும்போது அளந்து பயனில்லை. சக்கரம் தரையில் ஊன்றி, முழுப் பாரமும் பட்டைமேல் இறங்கினபிறகுதான் அளக்க வேண்டும். பாரம் முழுவதும் என்றால் சீட், கண்ணாடி, டேங்கில் பெட்ரோல், அப்பாவின் எழுபத்தி நாலு கிலோ.

கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 21

ரசமட்டம் வந்தது. குமிழி நடுவில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூன் 22

குமிழி தப்பில்லை, தரைதான் சரிவு. வெயிலுக்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் கீழே கடப்பைக் கல் போட்டு மட்டம் பார்த்தபிறகு சரியாக வந்தது. பின்சீட்டில் ஒரு மூட்டை சிமெண்ட், முன்சீட்டில் ஒரு மூட்டை, கூட நான். வெல்டர் தம்பி அடியில் படுத்துக்கொண்டு புள்ளி வைத்தான், நாலே புள்ளி. முழு வெல்டு பிறகு, ஷாஃப்ட் வந்தபின்.

ஜூன் 24

சட்டத்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. தெருமுனை டீக்கடையில் இன்றைக்கும் கேட்டார்கள். எனக்குத் தெரியாமலா செய்கிறேன்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் கம்பெனி கொடுத்த விவரம் எதுவோ அதற்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. நான் அதைச் சரி என்றே நினைக்கிறேன். ஒருவர் வெல்டை நம்பி ஊர் ஜனம் எல்லாம் ரோட்டில் நடக்க முடியாது. இந்த வண்டி ரோட்டுக்கு வராது. வீட்டிலிருந்து வயல் முனை வரை குட்டியானை மேல் போகும், வரப்புக்குள் மட்டும் ஓடும். பம்புசெட் பக்கத்தில் சாய்ப்பு இறக்கி அங்கேயே நிற்கும். ஓம்னியின் ஆர்சி புத்தகத்தை ஒப்படைக்கிற வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் டவுன் வரைக்கும் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 27

லேத் அண்ணாச்சி பட்டறையில் நாள் முழுக்க. எஞ்சின் பியட்டின் மூக்குக்குப் போய்விட்டதால் ஓம்னியின் புரோப்பல்லர் ஷாஃப்ட் எட்டவில்லை. வெட்டி, நடுவில் குழாய் சேர்த்து நீட்ட வேண்டும். அண்ணாச்சி முதலில் செய்த காரியம், சுண்ணாம்புக் கட்டியால் ஷாஃப்ட் நெடுக ஒரு கோடு கிழித்ததுதான். வெட்டி ஒட்டினபிறகு ரெண்டு முனைக் கவையும் அதே கோட்டில் நிற்க வேண்டும், கொஞ்சம் திருகிக்கொண்டாலும் கோணம் சரியாக வைத்தும் பிரயோஜனம் இல்லை.

சேர்த்தபிறகு லேத்தில் மாட்டி, டயல் கேஜ் முள்ளை வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது. மரச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்று, மறுபடி ஒரு தட்டு. முக்கால் மணி நேரம். பக்கத்தில் கிடந்த வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. முள் அடங்கியதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஒங்கப்பாதான் எங்க வீட்டுக்காரிய பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டிட்டுப் போனாரு, இதே வண்டியில" என்றார். 1,500 கொடுத்தேன். 900 எடுத்துக்கொண்டார்.

ஜூன் 28

அம்மாவிடம் கத்திவிட்டேன். கால் சூடாக இருக்கிறது தொட்டுப் பார் என்றாள், கையெல்லாம் கிரீஸ் என்றேன். அதற்குக் கத்தியிருக்க வேண்டாம்.

ஜூலை 2

பியட்டுக்குள் ஓம்னி எஞ்சின் ஓடியது. சாயங்காலம் ஐந்தே காலுக்கு.

நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் மூன்று, முன்னால் ஒரு முழம் காலியாகக் கிடக்கிறது. ஸ்லோவில் போனட் முழுக்க நடுங்குகிறது. மவுண்ட் ரப்பரை இன்னும் மெத்தென்று போட வேண்டும். கியர் ராடைக் குட்டையாக்கினதில் ஒரு தப்பு, முதல் கியர் விழ வேண்டிய பக்கம் இரண்டாவது விழுந்தது. லீவரைத் திருப்பி மாட்டினதும் சரியாகிவிட்டது.

இன்னொரு கவலை, மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னால் 14 அங்குலச் சக்கரம், பின்னால் ஓம்னியின் 12. எஞ்சின் வேறு எடை குறைவு. அப்பாவைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்திருந்தோம். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, "ஸ்டெப்னியையும் பேட்டரியையும் முன்னாடி கொண்டு போடுல. எடந்தான் கெடக்குல்லா" என்றார். போட்டோம். ரெண்டு விரக்கடை இறங்கியது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுக்கலாமா என்று நான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், அப்படிக் கொடுத்தால் கோணம் மறுபடியும் மாறும். அவர் கட்டிலிலிருந்தே தீர்த்துவிட்டார்.

முழு வெல்டு நாளைக்கு. ரசமட்டம் இன்னொரு தடவை.

ஜூலை 5

இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றார்கள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே என்று ஒரு வார்த்தை வந்தது. அப்பா காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை 6

விழுந்திருக்கிறது. கிளட்சை மிதிக்கத் தேவைப்படாத கால் எது என்று கேட்டார்.

ஜூலை 8

இன்றைக்குத் தேர். பட்டறை எல்லாம் அடைப்பு. அப்பா இல்லாமல் நான் ரதவீதிக்குப் போனது இதுதான் முதல் தடவை. வடம் பிடித்துவிட்டு ஓரமாக வந்து நின்றேன். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் குனிந்து ஓடுகிறார்கள். கட்டையைச் சக்கரத்தின் எந்தப் பக்கம் கொடுக்கிறார்களோ அதைப் பொறுத்துத் தேர் திரும்புகிறது, நிற்கிறது. அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்த மரத்துண்டுதான். கொடுத்த கையை அடுத்த கணம் உருவிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் டிரம் நாலையும் மறுபடி கழற்றிப் பார்த்தேன். பின் இடது சிலிண்டரில் லேசாகக் கசிவு. கப் மாற்ற வேண்டும். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

ஜூலை 10

குட்டியானையில் ஏற்றி வயல் முனையில் இறக்கினோம். முதலில் நான் மட்டும், பக்கத்து சீட்டில் ரெண்டு மூட்டை. முதல் கியரில் தடத்தில் இறங்கினேன். பள்ளத்தில் விழுந்து எழும்போது பட்டை முனகியது, அடியில் எதுவும் இடிக்கவில்லை. இரண்டாவது போட்டேன். உதறல் இருக்கிறதா என்று காலடியில், ஸ்டியரிங்கில், முதுகில் என்று தேடிக்கொண்டே போனேன். இல்லை. மூன்றாவதில் லேசாக ஒரு ஊளை, ஆனால் அந்தத் தடத்தில் மூன்றாவது போட வேலையே இல்லை.

பம்புசெட் பக்கத்தில் நிறுத்தி இறங்கிக் கையை ஷாஃப்ட்மேல் வைத்துப் பார்த்தேன். கிராஸ் ரெண்டும் ஒரே சூடு.

நடவு முடிந்து எட்டு நாள் ஆகியிருக்கிறது. நாற்று வேர் பிடித்து நிமிர்ந்து நிற்கிறது. கிழக்குக் கடைசியில் மட்டும் ரெண்டு பாத்தி பழுப்பு. இதை அவரிடம் சொல்வதா, அவரே பார்க்கட்டும் என்று விடுவதா?

ஜூலை 11

காலைச் சர்க்கரை 148. அம்மா மூன்று தடவை வாசித்துக் காட்டினாள்.

ஜூலை 12

நாளைக்குக் காலை ஆறரைக்கு, வெயிலுக்கு முன்னால். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. கால் தொங்கக் கூடாது, ஊன்றவும் கூடாது. அதனால் முன்சீட்டுக்கு முன்னால் சரிவாக ஒரு பலகை, மேலே பஞ்சுத் தலையணை, குதிகால் படுகிற இடத்தில் குழி. வாகைப் பலகை கிடைத்தது, அறுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு சாய்வு என்பதுதான் பாக்கி. அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார், கட்டுப் போட்ட கால் போர்வைக்கு வெளியே இருக்கிறது. ரசமட்டத்தோடு கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுப்பாமல் அளக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.