சாகசத்துக்குப் போகாதவர்களும் லெவல் ஏறுகிறார்கள்

டைஸ் உருட்டிக் கதை நடத்துகிற எங்கள் மேசை ஆட்டத்தில், கருங்கல்துறை என்ற கற்பனை ஊரின் என்.பி.சி. (ஆட்டக்காரர்கள் அல்லாமல் நானே நடத்துகிற கதை மாந்தர்) கார்டுகள் ஒருவழியாகப் பிடிக்குள் வந்துவிட்டன. முட்டத்துப் பாறைகளையும் கலங்கரை விளக்கத்தையும் மனதில் வைத்து நான் வரைந்த துறை அது. கதைக்குள் ஐந்து வருடம் கழித்து, போன ஆட்டத்தில்தான் எங்கள் குழு அங்கே திரும்பியது. புறப்பட்டபோது வள்ளத்தில் தண்ணீர் கோரிக்கொண்டிருந்த தங்கம் இப்போது அமரத்தில் நின்று வள்ளத்தை நடத்துகிறாள்.

"மக்கா, இது அந்தத் தண்ணி கோரின பிள்ளையில்லா? கதைக்காக நீயே ஏத்திவிட்டியா?" என்று சித்தி மகன் கேட்டான். கார்டை எடுத்து மேசையில் போட்டேன். கடலோட்டத் திறன், நூற்றுக்கு: 35, 39, 39, 44, 50, 50. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக், அந்த வருடம் நடந்தது ஒரு வரியில். எல்லாம் டைஸ் சொன்னது. அவன் அதை வாசித்து முடிக்கிற வரைக்கும் ஆட்டமே நின்றுவிட்டது. இதற்காகத்தான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சிக்கல் எதுவென்று டி.எம். ஆக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பில் திறன் ரேங்க் (ஒரு தொழிலில் எவ்வளவு தேர்ச்சி என்ற எண்) லெவலோடு 3 கூட்டிய அளவு வரைதான் ஏறும். வலை முடைவதில் 13 ரேங்க் வேண்டுமென்றால் வலைக்காரத் தாத்தா 10-ஆம் லெவல் எக்ஸ்பெர்ட் (தொழில் தேர்ந்தவர்) ஆக வேண்டும். அதோடு சராசரி 35 ஹிட் பாயிண்டும் (அடி தாங்கும் அளவு), +7/+2 என்று இரண்டு தாக்குதலும் சேர்ந்து வந்துவிடும். துறைமுகக் காவல்காரன் முதல் லெவல் வாரியர் (சாதாரணப் போர்வீரர்). வலைக்காரத் தாத்தா நாலு காவல்காரர்களை அடித்துப் போட்டுவிட்டு முடைய உட்காருவார்!

அப்படியானால் எல்லாரையும் முதல் லெவலிலேயே வைக்கலாமே என்பார்கள். வைத்துப் பாருங்கள்: 4 ரேங்க், ஸ்கில் ஃபோக்கஸ் என்ற சிறப்புத் தேர்ச்சிக்கு 3, புத்திக்கு 1, நல்ல கருவிக்கு 2, ஆக +10. நிதானமாக உட்கார்ந்து, டைஸ் உருட்டாமல் 10 விழுந்ததாக எடுத்துக்கொண்டால் 20. மாஸ்டர்வொர்க் (உயர்தரப் பொருள்) செய்ய அதுவே போதும். கணக்கு சரிதான். ஆனால் இருபது வயதுப் பையனுக்கும் அறுபது வயது ஆசாரிக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடுகிறது. கடற்கரையில் வளர்ந்தவனால் இதை ஏற்க முடியாது. கரையில் தெரிகிற மலை முகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, கடலடிப் பாறை இருக்கும் இடத்தில் வள்ளத்தை நிறுத்துகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண் இருபது வயதில் வராது.

எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி) வழியும் உதவவில்லை. ஒரு புயலை சி.ஆர். (சவாலின் அளவு) 1 என்று வைத்து அதற்கான 300-ஐ நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 75. இரண்டாம் லெவலுக்கு 1000 வேண்டும், அதாவது 14 புயல். மூன்றாம் லெவலுக்கு 40. அதற்குள் பாதிப் பேர் கரை சேர மாட்டார்கள். ஐந்தாம் பதிப்புக்கு 2020-இல் வந்த சைட்கிக் (துணையாள்) விதி அழகானது, ஆனால் குழுவின் சராசரி லெவல் ஏறினால் கூட வருகிறவனும் ஏறுவான், அவ்வளவுதான். துறையிலேயே இருந்துவிட்ட தங்கத்துக்கு அதில் இடமில்லை.

விடை 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் பக்கம் இருந்தது. ஆபத்தான நேரத்தில் ஒரு திறன் பலித்தால் டிக். பிறகு நூறு பக்க டைஸில் உங்கள் திறனைவிட அதிகம் விழுந்தால்தான் ஏற்றம். தெரிந்தவனுக்கு ஏறுவது கடினம், தெரியாதவனுக்கு எளிது. என் மேசையில் என்.பி.சி. ஒருவருக்கு வருடத்துக்கு ஒரே டிக், பலித்தால் ஆறு பக்க டைஸ் அளவு ஏற்றம். பதினைந்து வயதில் 35 என்று தொடங்கி வருடம் தவறாமல் டிக் விழுந்தால் சராசரியாக 25 வயதில் 54, 35-இல் 68, 45-இல் 78, அறுபதில் 87. இந்த வளைவைத் தாளில் போட்டுப் பார்த்தபோது அப்படியொரு சந்தோஷம். நான் பார்த்த மனிதர்கள் அப்படியே அதில் இருந்தார்கள்.

ஆனால் டிக் எப்போது கொடுப்பது? இங்கேதான் நான் பிடிவாதக்காரன். வேலைக்குப் போனதற்கு டிக் கிடையாது. தோற்றிருந்தால் ஏதாவது பறிபோயிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். வள்ளக்காரருக்கு, 'கரை தெரியாத காற்றில் மாட்டினார்.' ரப்பர் வெட்டுகிறவர் மாதிரி ஒரு பால்மரக்காரர் உண்டு. அவருக்கு, 'பட்டை காயம்படாமல் ஒரு பருவத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.' அந்த வரி நடந்ததா என்று முதலில் ஒரு டைஸ். நடக்காவிட்டால் அந்த வருடம் வெறும் வருடம். சுங்கச்சாவடிக்காரர் இருபது வருடமாக 41-லேயே நிற்கிறார், ஏனென்றால் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்கு உயிர் வந்தது இந்த ஒரு விதியால்தான்.

டைஸ் உருட்டுவது கதையின் மழைக்காலத்தில். நம் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறதே, அதைப் போலவே கருங்கல்துறைக்கும் இரண்டு மாதத் துறையடைப்பு வைத்திருக்கிறேன். எல்லாரும் கரையில் இருப்பார்கள், கார்டுகளை வரிசையாகத் தீர்த்துவிடலாம்.

கார்டு பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் ஓரம் வெட்டிய கனத்த அட்டை மிஞ்சும். கேட்டால் சும்மாவே தருவார்கள். பளபளப்பில்லாத பக்கத்தில் பென்சில் நன்றாகப் பிடிக்கும், எத்தனை முறை அழித்தாலும் நார் எழும்பாது. டைஸ்தான் தொல்லை. நூறு பக்க டைஸுக்குப் பதிலாக உருட்டுகிற பத்துப் பக்க ஜோடியை ஆன்லைனில் கேட்டால், பத்துகள் எழுதிய டைஸே இல்லாமல் 0 முதல் 9 வரை உள்ளதையே இரண்டாக அனுப்பினார்கள். நல்லவேளை நிறம் வேறு. சிவப்பு பத்து, நீலம் ஒன்று என்று ஓடுகிறது.

ஹிட் பாயிண்ட் பகுதி இன்னும் முடியவில்லை. உடம்புக்கு ஆபத்து வந்த டிக்குகளுக்கு மட்டும் ஏற்றலாம் என்பது இப்போதைய எண்ணம். அப்படிச் செய்தால் தங்கம் கொஞ்சம் தாங்குவாள், வலைக்காரத் தாத்தா தாங்க மாட்டார், அதுதான் நியாயம். 1977-இல் வந்த டிராவலர் ஆட்டத்தில் 34 வயது முதல் முதுமைக்கும் டைஸ் உண்டு. முத்துக் குளிக்கிறவர்களுக்கு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் மனசு அடுத்ததற்குத் தாவிவிட்டது. 1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அப்படி ஒரு கைதித் தளபதியைக் கருங்கல்துறைக்குக் கொண்டுவரப் போகிறேன். பயிற்சிக்குத் தனி விதி வேண்டும்: டிக் இல்லாமலே டைஸ் உருட்டலாம், ஆனால் ஆசான் திறனில் பாதிக்கு மேல் ஏறாது. பாதியா, முக்கால்வாசியா என்பதில் தம்பிக்கும் எனக்கும் வாதம் நடக்கிறது. யாராவது இதை ஓட்டிப் பார்த்திருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தோவாளை மாதிரி ஒரு பூச்சந்தையும் வரைந்திருக்கிறேன், மாலை கட்டுகிறவருக்கு டிக் வரி மட்டும் இன்னும் அமையவில்லை.